பெரட்டும் கம்பிவேலியும்: மலாயா அவசரகாலத்தில் தோட்டத் தமிழர்

ரொறன்ரோவில் இது காலை, கோலாலம்பூரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், சிட்னியில் நித்திரை கொள்ளவேண்டிய நேரம். இருந்தும் வந்திருக்கிறீர்கள், நன்றி. நான் ஆர்ஜொந்தெயில் என் வீட்டிலிருந்து பேசுகிறேன்.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த கெரில்லாப் போரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று லாச்சப்பலில் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே, "மலாயன் பென்சனியர்மாரைப் பற்றியோ?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு மலாயா என்றால் ஓய்வூதியம். ரயில்வேயிலும் திறைசேரியிலும் தபால் கந்தோரிலும் கிளாக்கராக இருந்து, திரும்பி வந்து கல்வீடு கட்டிய பெரியவர்கள். நாற்சார் வீட்டுச் சுவரில் தொங்கிய கோட்டுப் போட்ட படம். அது பொய்யான நினைவு அல்ல. ஆனால் அது அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களின் நினைவு. மேசைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் போன பால்மரம் வெட்டும் சனம் நின்றது. தோட்டத்துக் கிராணி பல இடங்களில் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த மறுபக்கத்தைப் பற்றி.

மலாயாப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் ஒரு நூலகத்தை நிரப்பும். பெரும்பாலும் அவை இராணுவக் கல்லூரிகளுக்கான புத்தகங்கள். கெரில்லாப் படையை எப்படித் தோற்கடிப்பது என்பதற்கான பாடமாகத்தான் மலாயா அவற்றில் வருகிறது. அவற்றில் தமிழர் ஒரு அடிக்குறிப்பு. கெரில்லாக்களில் பத்துக்கு ஒன்பது பேர் சீனர் என்பதால் அது சீனர் பிரச்சினையாகவே எழுதப்பட்டது. நான் சொல்லவருவது இதுதான்: தமிழரைப் பொறுத்தவரை அந்தப் போர் காட்டுக்குள் தொடங்கவில்லை. முதல் அடி தொழிற்சங்கத்தின் மீது விழுந்தது. துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கேட்டவை என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலிக்குச் சமமாகத் தா என்பது ஒன்று. கள்ளுக்கடையை மூடு என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள்: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. நான் இந்த மூன்றாவதை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சம்பளத்தோடு ஒரே பட்டியலில் சைக்கிளும் இருந்திருக்கிறது. அரசு இராணுவத்தை இறக்கியது, சுட்டது, நாதனை நாடு கடத்தியது.

அந்த வருடக் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் ரயில்பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழரைக் கொண்டுபோனார்கள். பெரும்பகுதி திரும்பவில்லை. அதே காலத்தில் இரண்டு ஆயுதப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. ஒன்று நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம், ஆயிரக்கணக்கான தோட்டத்து இளைஞர்கள் முதன்முறையாகச் சீருடை போட்டு நிமிர்ந்து நின்ற இடம். மற்றது காட்டுக்குள் இருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. அதை நடத்தியது மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி, ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துப் பக்கத்தில் நின்றது பிரித்தானியா. போர் முடிந்ததும் பிரித்தானியர் ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளி என்றால் மலாயா டொலர், அங்கே தமிழர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் படையின் இளம் தலைவர்களில் ஒருவரான சின் பெங்குக்கு பிரித்தானிய அரச விருதும் அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அதே ஆளின் தலைக்கு 250,000 வெள்ளி விலை வைத்தார்கள்.

1945க்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பியவன் 1941இல் இருந்த ஆள் அல்ல. கெடாவில் பெடோங் பக்கத்துத் தோட்டங்களில் 'தொண்டர் படை' என்று இளைஞர்கள் அணி திரண்டு கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் பொலிஸ் தடியடியில் அங்கே ஒரு தொழிலாளி இறந்தார். மறுபக்கம் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அவற்றின் உச்சியில் இருந்தது அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம். சீனரும் தமிழரும் ஒரே சங்கத்தில் இருந்தது மலாயாவில் பெரிய விஷயம். அதன் தலைவராக எஸ். ஏ. கணபதி வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். சம்மேளனம் கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கில்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலிக்காகச் சங்கத்தில் சேர்ந்த பால்வெட்டுக்காரி மார்க்ஸைப் படித்துவிட்டுச் சேரவில்லை.

இப்போது 1948 ஜூன் மாதத்தின் தேதிகளைக் கவனியுங்கள். மாத நடுவில், 12ஆம் தேதியை ஒட்டி, தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் வருகிறது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேர முடியாது. சங்க நிர்வாகி அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும். இந்த இரண்டு வரியோடு சம்மேளனம் சட்டப்படி இல்லாமல் போனது. 16ஆம் தேதி காலை பேராக்கில், சுங்கை சிப்புட் அருகே, மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 18ஆம் தேதி நாடு முழுவதற்கும் அவசரகாலம். ஜூலையில் கட்சி தடைசெய்யப்பட்டது.

கட்சி அந்த வருட வசந்தத்திலேயே ஆயுதப் பாதைக்குத் தயாராகத் தொடங்கியிருந்தது. சுங்கை சிப்புட் கொலைகள் தலைமையின் கட்டளையில்லாமல் உள்ளூர் அணியினர் செய்தவை என்று சின் பெங் தன் நினைவுநூலில் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பே, சட்டப்படி பேசக்கூடிய வாய் அடைக்கப்பட்டுவிட்டது. சங்கத்தில் இருந்த தமிழருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: காடு, சிறை, அல்லது பேசாமல் பெரட்டுக்குப் போவது. மிகப் பெரும்பான்மையினர் மூன்றாவதைத் தேர்ந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

இந்த இடத்தில் இலங்கையைச் சொல்லாமல் போக முடியாது. அதே 1948இல்தான் கொழும்பு நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் வாக்கு யார் பக்கம் போனது, இடதுசாரிகளை எப்படி வலுப்படுத்தியது என்பதை ஆட்சியில் இருந்தவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. ஒரு கடலின் இரண்டு கரையிலும் தோட்டத் தமிழர் ஒரே காலத்தில் மௌனமாக்கப்பட்டார்கள், ஒரு கரையில் சங்கத்தை எடுத்து, மறு கரையில் வாக்கை எடுத்து. இரண்டுக்கும் பின்னால் ஒரே பயம் இருந்தது: தோட்டத்துச் சனம் சிவப்புக் கொடிக்குப் பின்னால் போய்விடும் என்ற பயம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசும் தமிழ்ப் புத்தகம் ஒன்று வரவேண்டும்.

கணபதிக்கு வருவோம். 1949 மார்ச் 1ஆம் தேதி துப்பாக்கியோடு பிடிபட்டார். அவசரகால விதிப்படி, அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரணதண்டனை, நீதிபதிக்கு வேறு தெரிவில்லை. அதே மாதம் தீர்ப்பு வந்தது. நேருவின் அரசு, லண்டனில் உயர் ஆணையாளராக இருந்த கிருஷ்ண மேனன் மூலம், உயிரைக் காப்பாற்ற முயன்றது. அப்போது நேருவே லண்டனுக்குப் போயிருந்தார். குடியரசான இந்தியாவும் பொதுநலவாயத்தில் இருக்கலாம் என்ற லண்டன் பிரகடனம் ஏப்ரல் 28ஆம் தேதி வந்தது. மே 4ஆம் தேதி காலை கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். இடையில் ஆறு நாள். அதற்கு முதல் நாள்தான் அவருக்குப் பின் சம்மேளனத்தில் பொறுப்பேற்ற வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இது பெரிய அதிர்ச்சி. கம்யூனிஸ்டுகள் மட்டுமல்ல, அப்போது இளைஞராக இருந்த மு. கருணாநிதியும் 'கயிற்றில் தொங்கிய கணபதி' என்று எழுதினார். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவர் பெயர் இன்றும் 'மலேயா கணபதி'. அதே பகுதியில் வாட்டாக்குடி இரணியன் என்று ஒருவரைச் சொல்வார்கள். சிங்கப்பூரில் வளர்ந்து, நேதாஜியின் படையில் சேர்ந்து, ஊருக்குத் திரும்பிப் பண்ணையாட்களுக்காகச் சங்கம் கட்டியவர். 1950இல் பொலிஸ் சுட்டுக் கொன்றது. மலாயாவும் தஞ்சாவூரும் அன்று ஒரே ஊர்போல இருந்திருக்கின்றன, இரண்டிலும் ஒரே ஆட்கள்.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும்: சம்பாசிவம். இவர் மீதும் அதே குற்றச்சாட்டு, அதே விதி, அதே மரணதண்டனை. முதல் விசாரணையில் தோட்டாக்கள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்தார்கள், துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை. மறுவிசாரணையில் அந்த விடுதலையைக் கணக்கில் எடுக்காமலே தண்டித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950இல் அது தண்டனையை நீக்கியது. ஒரு நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தால் அந்த விடுதலை பின்வரும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்திய உச்சநீதிமன்றம் வரைக்கும் இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. சட்டம் படித்தவர்கள் 'சம்பாசிவம் வழக்கு' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள், அவர் யார், எங்கே எதற்காகப் பிடிபட்டார் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கணபதிக்கு அறுபத்து நான்கு நாள்தான் கிடைத்தது. சம்பாசிவத்துக்கு நேரம் கிடைத்தது, உயிர் கிடைத்தது. சட்டத்தில் நேரமும் ஒரு நீதிதான்.

நான் குடியிருக்கும் இந்த ஆர்ஜொந்தெயின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் கபிரியேல் பெரி, 'லூமானித்தே' பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட். 1941 டிசெம்பர் 15ஆம் தேதி மொன் வலேரியனில் ஜேர்மானியர் அவரைச் சுட்டார்கள். இங்கே பெருந்தெருவுக்கு அவர் பெயர், மெற்றோ நிலையத்துக்கும் அவர் பெயர். எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். நாட்டை விடுவித்தவர்கள் யாரோ அவர்களே தெருவுக்குப் பெயர் வைக்கிறார்கள். மலாயாவில் சுதந்திரத்தை வாங்கியவர்கள் கணபதியின் ஆட்கள் அல்ல, அவர்களுக்கு எதிரணி.

இனி இராணுவப் பக்கம். இதை நான் வேகமாகக் கடக்கிறேன், விபரம் வேண்டியவர்களுக்கு ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கிறது. கெரில்லாக்கள் உச்சத்தில் ஏழு, எட்டாயிரம் பேர். 1949 பெப்ரவரியிலிருந்து மலாயா தேசிய விடுதலைப் படை என்று பெயர். தொடக்கத்தில் இராணுவம் பெரும் அணிகளாகக் காட்டைச் சலித்துப் பார்த்தது, பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆத்திரம் ஊர்மீது விழுந்தது. 1948 டிசெம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 சீனர்களைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு விசாரணை கேட்ட வழக்கு 2015இல் லண்டன் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது, விசாரணை கிடைக்கவில்லை.

1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வந்தார். அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது: காட்டுக்குள் இருப்பவன் காட்டைத் தின்று வாழவில்லை, காட்டோரத்துக் குடியானவனின் அரிசியைத் தின்று வாழ்கிறான். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, பெயர்த்துக் கம்பிவேலி போட்ட 'புதுக்கிராமங்களில்' வைத்தார்கள். 1951 ஒக்டோபர் 6ஆம் தேதி உயர் ஆணையாளர் ஹென்றி கர்னியையே ஃபிரேசர் மலைப் பாதையில் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அதே மாதம் கட்சி எடுத்த தீர்மானம் அதைவிட முக்கியமானது. றப்பர் மரத்தை வெட்டிப் பாழாக்குவதை நிறுத்துங்கள், மக்களின் அடையாள அட்டையைப் பறிக்காதீர்கள் என்று தன் அணிகளுக்கே சொல்லவேண்டி வந்தது.

இந்த மரம் வெட்டும் கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கெரில்லாவுக்கு றப்பர் மரம் முதலாளியின் சொத்து, பிரித்தானியாவின் டொலர். ஒரு இரவில் நூற்றுக்கணக்கான மரத்தின் பட்டையைச் சிதைத்துவிடலாம். ஒரு மரம் பால் தருவதற்கு ஆறேழு வருடம் வளரவேண்டும். அடுத்த நாள் காலை அந்த நிரைக்குப் போகிற பெண்ணுக்கு வெட்ட மரமில்லை, கூலியில்லை. துரைக்குக் காப்புறுதி இருந்தது, அவளுக்கு என்ன இருந்தது? தமிழ்த் தொழிலாளியைக் கட்சி இழந்தது பிரித்தானியப் பிரசாரத்தால் அல்ல என்று நான் நினைக்கிறேன். சீன மொழியில் யோசித்த ஒரு கட்சி, தமிழனின் அரிசிப்பானை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

வேலி சீனருக்கு மட்டும் அல்ல. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிக் கம்பி போட்டு, வாசலில் காவல் வைத்தார்கள். இதற்கு 'மீள்சேர்ப்பு' என்று பெயர், பல இலட்சம் தொழிலாளர் இதற்குள் வந்தார்கள். பொழுதுபட்டால் வாசல் பூட்டு. உணவுத் தடை நடந்த பகுதிகளில், கெரில்லாவுக்குப் போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர் வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் தரவேண்டும், அன்றைக்கே தின்னாவிட்டால் கெட்டுப்போகும். சில இடங்களில் அரிசியை விற்காமல் பொதுவில் சமைத்துச் சோறாகத்தான் கொடுத்தார்கள், காரணம் அதுவேதான். பால்வெட்டு வெயிலுக்கு முந்திச் செய்யவேண்டிய வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வாசல் திறக்கப் பிந்திய நாளில், சோதனை நீண்ட நாளில், வாளியில் விழும் பாலும் அதற்கு நிறுக்கப்படும் கூலியும் என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். வெறும் வயிற்றோடு என்பதையும் சேர்த்து.

வன்னியில் இருந்தவர்களுக்கும் மெனிக் பாமைக் கடந்து வந்தவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' நாவல் இந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. இரவில் காட்டுக்காரன், பகலில் பொலிஸ், இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டிய குடியானவர். கிடைத்தால் வாசியுங்கள்.

1952 பெப்ரவரியில் டெம்ப்லர் வந்தார். மக்களின் மனத்தை வெல்வது என்ற பேச்சு அவர் பெயரோடுதான் உலகத்துக்குப் பரவியது. ஆனால் வந்த சில வாரங்களில் தஞ்சோங் மாலிமில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டபோது அவர் ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணிநேர ஊரடங்கு போட்டார், அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். மனத்தை வெல்வதற்கு முன்னால் வயிற்றைப் பிடித்தார் என்பதே சரியான விபரம்.

இப்போது ஒரு நண்பர் எழுத்தில் கேட்டிருக்கிறார்: அதே காலத்தில் பிரான்ஸ் இந்தோசீனாவில் தோற்றது, பிரித்தானியா எப்படி வென்றது? நல்ல கேள்வி, அதுவும் புதுச்சேரித் தமிழர் பலர் சைகோனைக் கடந்து வந்து குடியேறிய இந்த நாட்டில் இருந்துகொண்டு. வியட்நாமில் பின்னால் சீன எல்லை இருந்தது. மலாயாவின் கெரில்லாவுக்கு எல்லை தாய்லாந்து மட்டும், ஆயுதம் வருகிற வழியில்லை. வியட்மின் நாட்டின் பெரும்பான்மையோடு நின்றது, மலாயாக் கட்சி ஒரு இனத்துக்குள் அடைபட்டது. கொரியப் போரால் றப்பரும் ஈயமும் விலை ஏறி, போருக்கான பணம் மலாயாவிலேயே கிடைத்தது. இவை எல்லாவற்றையும்விட, போகப்போகிறோம் என்று பிரித்தானியா சொன்னது. பிரான்ஸ் அதைச் சொல்ல மறுத்து, 1954 மே 7ஆம் தேதி தியன் பியன் பூவில் விழுந்தது.

அந்த அரசியல் பகுதிதான் போரை முடித்தது. 1955 ஜூலைத் தேர்தலில் துங்கு அப்துல் ரகுமானின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அம்னோ, மலாயாச் சீனர் சங்கம், மலாயா இந்தியக் காங்கிரஸ் மூன்றும் சேர்ந்த கூட்டணி. டிசெம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் துங்குவும் சின் பெங்கும் நேருக்கு நேர் இருந்தார்கள். கட்சியை அங்கீகரித்தால் ஆயுதத்தைக் கைவிடுவோம் என்றார் சின் பெங். சரணடைவு தவிர வேறில்லை என்றார் துங்கு. பேச்சு முறிந்தது. ஆனால் முறிந்த பேச்சால் ஆதாயம் அடைந்தவர் துங்கு. சுதந்திரத்துக்காகப் போராடுகிறோம் என்றவனுக்கு முன்னால், 1957 ஓகஸ்டில், போராடாதவன் சுதந்திரத்தோடு நின்றான். 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. கெரில்லாக்களில் 6,700 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள், பொதுமக்களில் ஏறத்தாழ 2,500 பேர். எஞ்சிய கட்சியினர் தாய்லாந்து எல்லையில் ஒதுங்கி, 1989 டிசெம்பரில்தான் ஹட் யாயில் ஒப்பந்தம் செய்தார்கள்.

தோட்டத்தில் என்ன மிஞ்சியது? 1954இல் அரசின் ஆதரவோடு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். அது கூலி பேசியது, சில வெற்றிகளும் கண்டது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சீனத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மேடையில் நின்ற காலம் திரும்பவில்லை. பிரித்தானியக் கம்பனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த பத்தாண்டின் கடைசியில், குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி தேவை என்ற சட்டம் வந்தபோது, பல்லாயிரம் பேர் தாங்கள் பார்த்திராத தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இந்தியக் காங்கிரசின் தலைவராக 1955இல் வந்த வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். ஆம், முதல் மூன்று துரைமார் சுடப்பட்ட அதே சுங்கை சிப்புட். அவசரகாலம் முடிந்த அதே 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், விற்கிற தோட்டத்தை நாங்களே வாங்குவோம் என்று கேட்டார். பால்வெட்டுகிறவர்கள் போட்டார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

நேரம் ஆகிவிட்டது. கோலாலம்பூர் நண்பர்கள் கை உயர்த்தியிருக்கிறார்கள், அவர்களிலிருந்து தொடங்குவோம்.